பாதி மாற்றிய கார்டுகள்

பூவாத்தாளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் இல்லை என்று தபால் வந்த சனிக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தார்கள். பூவாத்தாள் சாப்பிட வரவில்லை. “பசிச்சா வருவா” என்றாள் அவள் அம்மா பெரியம்மாள். அவள் வரவே இல்லை.

அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்தது. பரீட்சையில் தேறினால் மலைமேல் உடும்பஞ்சோலைக்குப் போய்ப் படிக்கலாம். தேறாவிட்டால் அம்மா காட்டுகிற மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்குச் சாட்சியாக நின்றவள் மருமகள் மருதாத்தாள்.

மருதாத்தாளின் சங்கடம் அதோடு நிற்கவில்லை. அந்தப் பரீட்சையின் முடிவைக் கணக்கிட்டு அச்சடித்துக் கொடுத்தது அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுதியதும் அவள்தான்.

“நீ பாத்துத்தானே போட்டே?” என்று சனிக்கிழமை ராத்திரி கணவன் ஆறுச்சாமி கேட்டான்.

“மெஷின் தப்புப் போடாதுங்க” என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பூவாத்தாள் கட்டுத்தரையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“நங்கை, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?” அண்ணன் மனைவியை அவள் நங்கை என்றுதான் அழைப்பாள்.

“கேளு அம்மிணி.”

“கணக்குல நான் கொஞ்சம் முன்னப் பின்னத்தானுங்க. ஆனா தமிழ்ப் பேப்பர் நல்லா எழுதியிருந்தேன். வெளிய வந்து எல்லாத்தையும் ஒருக்காப் புஸ்தகத்துல பாத்தேன். ஒண்ணுகூடத் தப்பில்லை. அந்த மார்க்கெல்லாம் எங்கீங்க போச்சு?”

மருதாத்தாள் தூக்குப்போசியைக் கை மாற்றிக்கொண்டாள். “சாயங்காலம் வந்து பேசலாம்” என்றாள்.

உள்ளேயிருந்து பெரியம்மாளின் குரல் வந்தது. “மருதா, இன்னைக்குப் பொழுதோட வந்துரு. ஆளுங்க வர்றாங்க.”

யார் என்று கேட்க நேரமில்லை. பஸ் வந்துவிட்டது.

* * *

மலையாள நாட்டின் எல்லையோரம், கஞ்சிக்கோட்டுப் பக்கத்தில் அந்தப் பம்பு செட் கம்பெனி இருந்தது. கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு பெரிய அறை முழுக்க இரும்பு அலமாரிகள் மாதிரி நின்றது அது. மனிதர்கள் வேர்த்தாலும் அது வேர்க்கக் கூடாது என்று அந்த அறைக்கு மட்டும் குளிர்சாதனம் வைத்திருந்தார்கள். கம்பெனிக்கு வேலை இல்லாத நேரங்களில் வெளியாட்களுக்கும் அதை வாடகைக்கு விட்டார்கள். மலையோர ஆஸ்பத்திரிகள் சங்கத்தின் நர்சிங் பரீட்சை அப்படி வந்து சேர்ந்த வேலை.

பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் கணிதம் படித்து, கோயம்புத்தூரில் பயிற்சி எடுத்து வந்தவள் மருதாத்தாள். புரோகிராம் எழுத அவள் ஒருத்திதான். வேலைகளோ மூன்று: ஆட்களின் சம்பளம், ஸ்டோர்ஸ் சரக்கு, வெளி வேலை.

விவரங்களைப் போலவே புரோகிராமும் ஒரு கட்டு துளைக் கார்டுதான். ஒவ்வொரு கார்டிலும் துளைகளாக ஓர் உத்தரவு இருக்கும். ஒரு கார்டு இடம் மாறினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் அது இன்னும் ஆபத்து.

மூன்று வேலையின் கார்டுகளும் ஒரே மேஜையில்தான் கிடந்தன. தனித்தனி மேஜை கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நர்சிங் கட்டுக்குப் பச்சை அட்டை, ஸ்டோர்ஸுக்குச் சிவப்பு, சம்பளத்துக்கு மஞ்சள் என்று மேலே ஒன்று வைத்துக் கட்டினாள். “இதென்ன, பூக்கடையா?” என்று சிரித்தார் மேனேஜர் மாரார்.

கார்டுகளை அட்டை வைத்துப் பிரிக்கலாம், மனசை அப்படிப் பிரிக்க முடியவில்லை. ஒரு வேலையில் மூழ்கி, எது எதற்குப் பிறகு என்று எல்லாம் தலைக்குள் கட்டி நிறுத்தி வைத்திருப்பாள். “மருதாத்தா, ஒரு அஞ்சு நிமிஷம்” என்று மாரார் கூப்பிடுவார். எழுந்து போய்விட்டுத் திரும்பி வரும்போது கட்டி நிறுத்தியது ஒன்றும் இருக்காது. மறுபடியும் முதல் கார்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்றைக்கு ஸ்டோர்ஸ் வேலை. மறுநாள் காலை மெட்ராஸிலிருந்து ஆடிட்டர்கள் வருகிறார்கள். எந்த வார்ப்பு இரும்புப் பாகம் எவ்வளவு கையிருப்பு, எது எந்தப் பிரிவுக்குப் போனது என்று சரக்குக் கணக்கு முழுவதும் அச்சாகி மேஜையில் இருக்க வேண்டும். காலையிலிருந்து அவள் அதில்தான் இருந்தாள்.

ஆனால் பூவாத்தாளின் கேள்வி காதிலேயே நின்றது. டீ வந்த நேரத்தில் எழுந்துபோய், அலமாரியிலிருந்து நர்சிங் பரீட்சை முடிவின் ஆபீஸ் பிரதியை எடுத்தாள்.

பூவாத்தாளின் பெயரைத் தேடினாள். தேறவில்லை. பெயருக்கு முன்னால் ‘டி’ என்று ஓர் எழுத்து. தமிழில் பரீட்சை எழுதியவர்களுக்கு அந்த அடையாளம்.

அதற்கு மேலே இன்னொரு டி. காந்தலூர், குருவம்மாள். தேறவில்லை. ஆனைக்கரை, பூமாரி. தேறவில்லை. உடும்பஞ்சோலை, சாந்தம்மாள். தேறவில்லை.

தாளைப் புரட்டினாள். விரலை வைத்துக்கொண்டே போனாள். மலையாளத்தில் எழுதியவர்களில் தேறியவர்களும் இருந்தார்கள், தேறாதவர்களும் இருந்தார்கள். டி போட்ட பெயரில் ஒருத்திகூடத் தேறவில்லை.

டீ டம்ளரை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து பச்சை அட்டைக் கட்டை எடுத்துப் பிரித்தாள்.

மலையாளத்தில் எழுதிய பெண்களுக்கு ஒரே மொழிப் பேப்பர். தமிழில் எழுதியவர்களுக்குத் தமிழோடு சின்னதாக ஒரு மலையாளப் பரீட்சையும் உண்டு. அதனால் அவர்களுடைய மார்க்குகள் கார்டில் வேறு இடத்தில் இருந்தன. அதற்காகப் புரோகிராமில் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். முதலாவது, தமிழ் மார்க்கைப் படிக்கிற இடம். இரண்டாவது, படித்ததை மொத்தத்தில் கூட்டுகிற இடம்.

முதல் இடத்தில் புதுக் கார்டுகள் இருந்தன.

இரண்டாவது இடத்தில் பழைய கார்டுகளே இருந்தன.

கம்ப்யூட்டர் தமிழ் மார்க்கைப் படித்திருக்கிறது. கூட்டவில்லை. ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணுக்கும் ஒரு முழுப் பேப்பரின் மார்க் காற்றில் போயிருக்கிறது.

* * *

“சகாயம்!”

கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஆபரேட்டர் சகாயம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்.

“நர்சிங் கட்டை யாரு எடுத்து ஓட்டச் சொன்னா? ரெண்டாவது எடத்தை நான் மாத்தவே இல்லையே.”

அவன் முகம் மாறியது. “அக்கா, நான் உங்கள்ட்ட கேட்டேன்ல?”

“எப்போ?”

“போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நீங்க ஸ்டோர்ஸ் கார்டை எல்லாம் மேஜையில பரப்பி வச்சுக்கிட்டு இருந்தீங்க. ‘அக்கா, நர்சிங் ரெடியா, எடுத்துக்கிடட்டுமா’ன்னு கேட்டேன். நீங்க நிமிரல. தலையாட்டுனீங்க. எடுத்துக்கோன்னு சொன்னீங்க.”

“நானா?”

“ஆமாக்கா. மாரார் சாரும் இங்கனதான் நின்னாரு.”

மருதாத்தாள் யோசித்துப் பார்த்தாள். அதற்கு முந்தின நாள் நர்சிங் கட்டில் பாதி மாற்றிக்கொண்டிருந்தபோது மாரார் வந்து ஐந்து நிமிஷம் என்று கூப்பிட்டது நினைவிருந்தது. அந்த ஐந்து நிமிஷம் இரண்டு நாளாக நீண்டதும் நினைவிருந்தது. மீதியையும் மாற்றிவிட்டோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோர்ஸில் எந்த வார்ப்பில் கணக்கு இடித்தது என்பதுகூட நினைவிருந்தது. சகாயம் வந்து நின்றது மட்டும் நினைவில்லை. எவ்வளவு தேடியும் அங்கே ஒன்றும் இல்லை.

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“என்னக்கா ஆச்சு?”

சொன்னாள். சகாயம் தாளை வாங்கி, அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தான்.

“சாந்தம்மா எங்க லயத்துப் பிள்ளைக்கா. தேறலன்னு நான்தான் வீட்டுக்கு எழுதிப் போட்டேன்” என்றான்.

மருதாத்தாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மாரார் தன் அறையில் ஆடிட்டர்களுக்கு அறை ஏற்பாடு செய்வதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை மருதாத்தாள் நின்றாள்.

“சார், நர்சிங் ரிசல்ட் தப்பு. தமிழ்ல எழுதுன எல்லாருக்கும் தப்பாப் போயிருக்குது. இன்னைக்கே திருத்தி ஓட்டோணும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஸ்டோர்ஸ் எந்தாயி?”

“சார், நான் சொல்றது…”

“நீ சொன்னது கேட்டாச்சு. ஸ்டோர்ஸ் முடிஞ்சோ?”

“இன்னும் இல்லீங்க சார்.”

“பின்னே? மெஷின் இன்னிக்கு முழுக்க ஸ்டோர்ஸுக்கு. நாளைக்குக் காலத்து அவங்க வந்து உக்காரும்போ பேப்பர் இல்லேன்னா என் ஜோலி போகும், உன் ஜோலியும் போகும்.” குரல் தணிந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஒரு பெண்ணைக் கம்ப்யூட்டரில் உட்கார வைப்பதா என்று மற்றவர்கள் முகம் சுளித்தபோது, அவளுக்காகப் பேசியவர். “தமிழ் மீடியம் பெண்குட்டிகள்ல போன வருஷமும் அஞ்சாறு பேருதானே ஜெயிச்சது. சங்கத்துக்காரங்க ஒரு வார்த்தை கேக்கல பாரு. அவங்களுக்கே அதிசயமாத் தோணல.”

“அதுதான் சார் எனக்கு…” லிஸ்ட்டை அவர் மேஜையில் விரித்துப் பூவாத்தாளின் பெயரைத் தொட்டாள். “எங்க ஊட்டுப் பிள்ளையும் அதுல இருக்குறா சார்.”

மாரார் அவளையே பார்த்தார். “அது வெளிய சொல்லாதே. சொந்தக்காரிக்கு வேண்டித் திருத்தினான்னு வரும்.”

அதை அவள் யோசிக்கவே இல்லை.

“நாளைக்குக் காலத்து ஆடிட்டர் வர்றதுக்கு முன்னே மெஷின் தர்றேன். நீ வந்து, நீ முன்னால நின்னு ஓட்டணும். சகாயம் தனியா வேண்டாம். இனி தலையாட்டின கதை எனக்குக் கேக்க முடியாது, வய்யா.”

* * *

மலைமேல் இருந்த ஆஸ்பத்திரிகள் சங்கத்து ஆபீஸுக்கு டிரங்கால் பதிவு செய்துவிட்டு மறுபடியும் ஸ்டோர்ஸில் உட்கார்ந்தாள்.

சிவப்பு அட்டைக் கட்டைப் பிரித்தாள். காலையில் எதுவரை வந்தோம்? மூன்றாம் பிரிவுக்குப் போன வார்ப்புகளைக் கழிக்கிற இடம். கழித்தாயிற்றா? இதற்கு மேல் உள்ள கார்டைப் பார்த்தாள். தானே எழுதியதுதான். யாரோ எழுதியது மாதிரி இருந்தது. குருவம்மாள், பூமாரி, சாந்தம்மாள் என்று மனசு இன்னொரு பக்கம் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தது. கையில் இருந்த கார்டை எங்கிருந்து எடுத்தாள் என்பது மறந்துபோயிற்று. அங்கேயே வைப்பதாக நினைத்து ஓர் இடத்தில் செருகினாள்.

மத்தியானம் தாண்டி டிரங்கால் கிடைத்தது. மலையில் மழையோ என்னவோ, எதிர்ப்பக்கத்துக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. சங்கத்து ஆபீஸ் கிளார்க் பேசினார். மருதாத்தாள் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் கத்திக் கத்திச் சொன்னாள். லிஸ்ட்டில் தப்பு இருக்கிறது, தமிழ்ப் பெண்களின் மார்க் விட்டுப்போயிருக்கிறது, இடங்களை நிரப்ப வேண்டாம்.

“கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்டல்லே?” என்றார் அவர். “மெஷினுக்கு எங்ஙனே தெற்று வரும்?”

சனிக்கிழமை ராத்திரி தன் வாயால் சொன்னதையே அவள் ரிசீவரில் கேட்டாள்.

மறுநாள் காலை சேர்க்கைக் கமிட்டி கூடுகிறது என்றார் கிளார்க். பத்து மணிக்குச் சேர்க்கை தொடங்கும். மத்தியானத்துக்குள் பெண்களுக்கு அறை கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். போனில் சொல்வதை எழுதிக்கொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை. விஷயம் தெரிந்த ஆள் யாராவது காலையில் கமிட்டி முன்னால் வந்து நின்று சொன்னால், ஒருவேளை நிறுத்தி வைப்பார்கள். இவ்வளவையும் அந்தக் குரல் விட்டு விட்டுச் சொன்னது. பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது.

மருதாத்தாள் ரிசீவரை வைக்காமல் நின்றாள். காலையில் கமிட்டி முன்னால் நிற்க வேண்டுமானால் இன்று சாயங்காலமே பஸ் ஏற வேண்டும். காலையில் மெஷின் கிடைக்க வேண்டுமானால் அவள் இங்கே நிற்க வேண்டும். திருத்திய லிஸ்ட் இல்லாமல் அங்கே போய் என்ன காட்டுவது? லிஸ்ட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது அங்கே யார் காத்திருக்கப் போகிறார்கள்?

“மருதாத்தா!” மாராரின் குரல் கம்ப்யூட்டர் அறையிலிருந்து வந்தது. அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

ஸ்டோர்ஸ் புரோகிராம் பாதியில் நின்றுபோயிருந்தது. ஒரு கார்டு இடம் மாறியிருக்கிறது என்றான் சகாயம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதைத் தேடி எடுத்துச் சரியான இடத்தில் வைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டி, தாள் சரியாக வர ஆரம்பித்தபோது, வெளியே ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதி வெகு நேரம் ஆகியிருந்தது. பொழுதோடு வரச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

* * *

வீட்டு வாசலில் வில்வண்டி ஒன்று பூட்டிக்கொண்டிருந்தது. மருதாத்தாள் படி ஏறும்போது, வெற்றிலை மென்றபடி நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். பூவாத்தாளைப் பெண் பார்க்க வந்த நல்லேப்பிள்ளி ஊர்க்காரர்கள். அவர்களில் வெள்ளைச் சட்டை போட்டு, யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இளைஞன்தான் வீட்டில் பேச்சு அடிபட்ட மாப்பிள்ளை கந்தப்பன் என்று அவளாகவே புரிந்துகொண்டாள்.

“எம் மருமவ. கம்பெனியில வேலை” என்றாள் பெரியம்மாள் பெருமையாக. “சித்த முந்தி வந்திருந்தாக் கண்ணு, கையோட பாத்திருக்கலாம்.”

“எதை அத்தை?”

“உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு.” மாமியாரின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான். “அவளே மத்தியானம் எங்கிட்ட வந்து, அவங்களை இன்னைக்கே பேசி முடிக்கச் சொல்லும்மான்னு சொல்லிட்டா. நான் ஒரு வார்த்தை வற்புறுத்தலை.”

வண்டி கிளம்பிப் போயிற்று. மருதாத்தாள் ஆறுச்சாமியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். வெய்யிலில் கறுத்த அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அப்போ அவ பாஸா?”

“மார்க்கு கார்டை எடுத்துக் கையால கூட்டிப் பாத்தேனுங்க. பாஸ்தான்.”

“மத்தியானம் ஒரு போன் பண்ணியிருக்கலாமே, மருதா. தபாலாபீசுக்குப் பண்ணியிருந்தா ஆள் உட்டுச் சொல்லியிருப்பாங்களே.”

அவளுக்கு அது தோன்றவே இல்லை. மலைக்குப் போன் பண்ணத் தோன்றியது. வீட்டுக்குப் பண்ணத் தோன்றவில்லை.

“இப்ப உங்கம்மாகிட்டச் சொல்லட்டுங்களா?”

“என்னன்னு சொல்லுவே? உப்பு மாத்துன பொறகு பின்வாங்குனா, நாளைக்கு நாம அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.” கொஞ்சம் நிறுத்தினான். “நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா அம்மா உன்னை மன்னிக்காது. அதையும் யோசிச்சுக்க.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். களைத்துப்போன குரலில் சொன்னான்.

* * *

பூவாத்தாள் பின்பக்கம் கிணற்றடியில் வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிறையப் பூ. புதுச் சேலை நனையாமல் இருக்க இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மருதாத்தாளுக்கு ஒரு கணம் தோன்றியது. தேறவில்லை என்ற நினைப்போடு அவள் கட்டிக்கொண்டு போனால் ஒரு நாள் மறந்துவிடுவாள். தேறியும் போகவில்லை என்று தெரிந்தால் எப்படி மறப்பாள்?

“காலைல நீ கேட்டியே அம்மிணி…”

டம்ளரைக் கழுவும் கை நின்றது.

மருதாத்தாள் சொன்னாள். தான் தலையாட்டியதையும் சேர்த்துச் சொன்னாள். பூவாத்தாள் அழவில்லை. திட்டவும் இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு புதுச் சேலை என்று நினைவு வந்து, ஈரம் பட்ட இடத்தைத் தடவித் தடவி விட்டாள்.

“எனக்கு மட்டுமுங்களா?”

“இல்லே. தமிழ்ல எழுதுன எல்லாருக்கும்.”

“எனக்குப் பக்கத்து மேஜையில காந்தலூர்ப் புள்ள ஒண்ணு எழுதுச்சுங்க. குருவம்மான்னு பேரு. அவுங்க அப்பன் முள்ளங்கி மூட்டை ஏத்துற லாரியில அதைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு. பரீட்சை முடியறவரைக்கும் வெளிய வெய்யில்லயே நின்னாரு.” அவள் குரல் அங்கே உடைந்தது. தன் பெயருக்கு உடையாத குரல். “அதுக்குமா நங்கை?”

“அதுக்கும்தான்.”

“ஆராச்சும் போய்ச் சொல்லோணுமல்ல?”

கமிட்டியைப் பற்றியும், காலையில் கிடைக்கிற மெஷினைப் பற்றியும், தான் ஒரே ஆளாக இருப்பதைப் பற்றியும் மருதாத்தாள் சொன்னாள். பூவாத்தாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க மெஷினுக்குப் போங்க. நான் மலைக்குப் போறேன்.”

“உனக்கு நிச்சயம் ஆயிருச்சு கண்ணு.”

“எனக்கு எடம் கேக்கப் போகலீங்க நங்கை. நிறுத்தி வையுங்கன்னு சொல்லிட்டு வந்தர்றேன். நீங்க லிஸ்ட்டை எடுத்துக்கிட்டுப் பின்னால வாங்க. பொள்ளாச்சி போற கடைசிப் பஸ் இன்னும் வரலை. அங்கே போனா மலைக்குப் போக ராத்திரி கம்பம் பஸ் இருக்குதல்ல?”

“பொட்டப்புள்ள ராத்திரியில…”

சொன்னது ஆறுச்சாமி. எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. சொல்ல வந்ததை அவன் முடிக்கவில்லை. தங்கையின் தலையில் இருந்த பூவைப் பார்த்தான். முன்பக்கம் பெரியம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் மாப்பிள்ளையின் தென்னந்தோப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

“நானும் கூடப் போனா?” என்று மெதுவாகக் கேட்டான். கேட்டுவிட்டு, கேட்டதற்கே பயந்தவன் மாதிரி முன்பக்கம் திரும்பிப் பார்த்தான். “போறது பெரிசில்லை மருதா. அங்க நிக்க வச்சு என்ன ஏதுன்னு கேட்பாங்க. எங்களுக்கு என்ன தெரியும்? நீ சொல்லு, கேட்டுக்கறோம்.”

“ஆமாங்க நங்கை. எது மொதல்ல, எது அப்புறம்னு சொல்லிக் குடுங்க. அப்படியே ஒப்பிச்சர்றேன்.”

இருவரும் அவள் முன்னால் நின்றார்கள்.

“மொதல்ல…” என்றாள் மருதாத்தாள்.

கார்டில் இரண்டு இடம். முதல் இடத்தில் படிக்கிறது. இரண்டாவது இடத்தில்… மூன்றாம் பிரிவுக்குப் போன வார்ப்பைக் கழிக்கிறது. இல்லை, அது ஸ்டோர்ஸ். கூட்டுகிறது. எதை எதோடு கூட்டுகிறது? மத்தியானம் கண்ணுக்கு முன்னால் அவ்வளவு தெளிவாக இருந்ததே! பச்சை அட்டையை நினைத்தால் சிவப்பு அட்டை வந்தது. மாராரின் குரல் வந்தது. வாசலில் நின்ற வில்வண்டி வந்தது.

“மொதல்ல, தமிழ் மார்க்கை… இல்லே, இருங்க… அந்தக் கார்டு…”

அவள் விரல்கள் காற்றில் கார்டுகளைப் புரட்டுவதைப் பூவாத்தாள் பார்த்தாள். நெருங்கி வந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“அவசரமில்லீங்க நங்கை. நிதானமாச் சொல்லுங்க.”

ரோட்டுத் திருப்பத்தில் பொள்ளாச்சி போகும் கடைசிப் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.